கட்டைவிரல் நகமும் கராச்சர்மாவிலிருந்து வந்த அம்மாவும்

கால் கட்டைவிரல் நகத்துக்காக ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தேன் என்றால் எங்கள் படகு ஜெட்டியில் யாரும் நம்புவதில்லை. "நகத்துக்கா?" என்று கேட்டுவிட்டு, குனிந்து என் காலைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுச் சிரிக்கிறவர்களும் உண்டு. நகத்தை ஒட்டி வலி வந்து, மஞ்சளைக் குழைத்து வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இந்தத் தீவில் என்னைப் போல் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அங்கே நடந்த மற்றதையும் விட்டுவிட முடியவில்லை.

என் பெயர் செல்வி. அந்தமானின் பாராடாங் தீவில், வண்டிகளை ஏற்றிவரும் படகு வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், நானும் என் கணவர் குமாரும் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். சுண்ணாம்புக் குகை பார்க்க வருகிறவர்களுக்குக் காலையில் இட்லி, பூரி. மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடு. அடுப்படித் தரை எந்நேரமும் ஈரமாக இருக்கும். அதில்தான் நாள் முழுக்க நிற்பேன்.

என் தங்கச்சி தேவி போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் இருக்கிறாள். அவள் கணவருக்கு டெலானிபூரில் அரசு அலுவலக வேலை. அப்பா இறந்த பிறகு அம்மா அவர்களோடு தங்கிவிட்டாள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. காரியம் முடிந்து அம்மா தேவியோடு வண்டியில் ஏறினாள், அவ்வளவுதான். மூத்தவள் நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "நீயும் வாயேன்மா எங்கூட" என்று சொல்ல எனக்கு வாய் வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து தேவி எதை அனுப்பினாலும் எனக்குள் ஏதோ எரியும். அம்மா தேவியின் சோபாவில் இருக்கும் படம். அம்மா தேவியின் பிள்ளைக்குத் தலை வாரும் படம். ஒருநாள் வந்த படத்தில் இருவரும் ஒரே மாதிரி வெள்ளை ஷூ போட்டு, காலையில் நடக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா ஷூ போட்டு நான் பார்த்ததே இல்லை.

அடுத்த முறை கராச்சர்மாவுக்குப் போனபோது அந்த ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எங்கிட்ட இன்னொரு ஜோடி இருக்குக்கா, எடுத்துக்க. ஆனா ஒனக்குச் சின்னதா இருக்குமே" என்றாள் தேவி.

அவளுடைய பாதம் ஒடுங்கி, வெளுத்து, விரல் நுனிகளில் ரோஸ் நிறப் பூச்சோடு இருந்தது. என் பாதம் அகலம். "எனக்குச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, காலை உள்ளே தள்ளி, ஷூ லேஸை இறுக்கினேன்.

அந்த ஷூவைக் கடையிலும் போட்டேன், கடைத்தெருவுக்கும் போட்டேன். கட்டைவிரல் இரண்டு பக்கமும் அழுந்தி வலித்தது. வலிக்கிறதே என்று நகத்தின் ஓரத்தை பிளேடால் உள்ளே தோண்டி, வளைத்து வெட்டினேன். செய்யவே கூடாத வேலை அது என்று பிறகு தெரிந்தது. ஓரத்தை வளைத்து வெட்டினால், மிச்சமிருக்கும் கூர் முனை வளரும்போது சதைக்குள் இறங்கிவிடுமாம். இறங்கியது. நகக்கண் சிவந்து வீங்கியது. பக்கத்தில் மிளகு அளவுக்குச் சிவப்பாகச் சதை வளர்ந்து, தொட்டால் ரத்தம் வந்தது. பிறகு சீழ். மஞ்சள் வைத்தேன், சுண்ணாம்பு வைத்தேன். உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு பூரிக்கு மாவு உருட்டினேன். தேவியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஷூவைப் பற்றிக் கேட்பாள்.

காய்ச்சலும் நடுக்கமும் வந்த அன்று குமார் என்னை எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, பாதத்தின் மேல் ஏறியிருந்த சிவப்பைப் பார்த்தார். என் கைவிரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சிறிய மெஷினில் வைத்தார். முகம் மாறியது.

"சுகர் இருக்குன்னு தெரியுமா?"

"இல்லீங்களே."

"வீட்டுல யாருக்காச்சும்?"

"எங்க அப்பாவுக்கு இருந்துச்சு."

சர்க்கரை கூடினால் காலில் உணர்ச்சி குறையும், புண் ஆறாது, கிருமி சுலபமாகப் பரவும் என்றார். நகத்தில் வந்தது இப்போது சதைக்குள் ஏறுகிறது. எலும்புக்குப் போவதற்குள் போர்ட் பிளேருக்குப் போய்விடச் சொன்னார். மறு கரைக்குப் படகில் போய், காட்டு வழியே வண்டிகளை வரிசையாக விடும் நேரத்துக்குக் காத்திருந்தபோது, நான் வண்டிக்குள் என் காலை முன் சீட்டின் மேல் தூக்கி வைத்திருந்தேன். "தேவிக்குப் போன் பண்ணிட்டேன்" என்றார் குமார். எனக்கு வலியைவிட அதுதான் அதிகம் உறைத்தது.

ஆஸ்பத்திரி வாசலில் தேவி எனக்கு முன்பே வந்து நின்றாள். சீட்டுப் போட்டு வைத்திருந்தாள். எந்த வரிசை, எந்த அறை, யாரிடம் கேட்பது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவைக் கூட்டி வந்து வந்து பழக்கம். டாக்டர் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து வேகமாகப் பேசினார். ஜெட்டி ஹிந்தியில் நான் மீன் சாப்பாடு விற்பேன். விரல் எலும்பில் சீழ் பிடித்திருக்கிறதா என்று கேட்க அது போதவில்லை. தேவி கேட்டாள். அவர் அவளைப் பார்த்தே பதில் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டு முடித்த பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள். என் காலைப் பற்றிய சேதி என்னைவிட முன்னால் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

"எக்ஸ்ரே எடுக்கணுமாம்க்கா. எலும்பு நல்லா இருந்தா மருந்துலயே சரியாயிடும். இல்லன்னா விரல் நுனிய எடுக்க வேண்டி வரலாமாம். பயப்படாத, அப்பிடியெல்லாம் ஆகாது."

"எனக்கு என்ன பயம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொண்டையை இறுக்குவதுபோல் கையை உருவிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையால் என் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "மாலும் படா?" என்று கேட்டார். தெரிகிறதா என்று. சில இடங்களில் அவர் தொட்டதே தெரியவில்லை. அவர் கையைப் பார்த்துப் பொய்யாக "ஹாங்" என்றேன். அவர் சிரித்துவிட்டு என் கண்ணை மூடச் சொன்னார். பிறகு ஒரு பேனா எடுத்து, பாதத்தில் சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே தோலின் மேலேயே கோடு போட்டார். நாளைக்குச் சிவப்பு கோட்டுக்கு உள்ளே இருந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். வெளியே வந்தால் கேட்கவில்லை.

வார்டில் கட்டில் கிடைத்தது. டிரிப்ஸில் கிருமி மருந்து, வயிற்றில் இன்சுலின் ஊசி. கடையைப் பார்க்க குமார் திரும்பியாக வேண்டும். பெண்கள் வார்டில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்றார்கள். "நானே இருக்கேன்" என்று தேவி சொல்லிக்கொண்டிருக்கும்போது, அம்மா ஒரு துணிப்பையோடு வார்டுக்குள் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கராச்சர்மாவிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள்.

"ஏன் புள்ள, இப்பிடியா விட்டு வச்சிருப்ப?" என்று என் காலைப் பார்த்தாள். பிறகு தேவியிடம், "நீ வீட்டுக்குப் போ. புள்ள ஸ்கூல் விட்டு வந்துரும். நான் பெரியவகூட இருக்கேன்" என்றாள்.

"ஒனக்கு முட்டி வலிம்மா. இங்க கீழதான் படுக்கணும்."

"படுத்துக்கிறேன்."

தேவியின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். காய்ச்சலோடு கிடந்த எனக்கு அன்று நல்ல பசி எடுத்தது.

எக்ஸ்ரே முடிவு சொல்ல டாக்டருக்குச் சில நாள் ஆயிற்று. படம் தெளிவாக இல்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த நாட்களில் பயந்து செத்திருக்க வேண்டியவள் நான். ஆனால் அம்மா இருந்தாள். கல்யாணமாகி வந்த பிறகு அம்மா முழுதாக எனக்கு மட்டும் கிடைத்தது அப்போதுதான். பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுவதை அவளைப் போலவே செய்து காட்டினாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை என்று முந்தானையில் உப்பு முடிந்து கொண்டுவந்தாள். சிஸ்டர் வந்து, "மா ஜி, நமக் நஹி!" என்று அதட்டியதும் ஒன்றும் தெரியாதவள் போல் ஜன்னலைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் போர்வைக்குள் வாயைப் பொத்திச் சிரித்தோம்.

பேச்சோடு பேச்சாக ஒருநாள் சொன்னாள்: "அங்க என்ன இருக்கு, சும்மா ஒக்காந்திருக்கறதுதான். அடுப்படிப் பக்கமே விட மாட்டா. நான் என்ன ஊனமா?"

அதை நான் உள்ளே பத்திரப்படுத்திக்கொண்டேன்.

காலையில் கட்டுப் போடும் அறைக்கு என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போவார்கள். அங்கே பெஞ்சில் வரிசையாகக் கால்கள். கேஸ் சிலிண்டர் விழுந்து நகம் கறுத்துப்போன ஒருவர். நகத்துக்கடியில் ரத்தம் கட்டி நிற்பதால்தான் அப்படி விண்விண்ணென்று தெறிக்கிறதாம். அதிக நேரம் ஆவதற்குள் வந்தால் நகத்தில் சிறு துளை போட்டு அந்த ரத்தத்தை வடியவிடுவார்கள், வலி உடனே குறைந்துவிடும். அவர் சிரித்துக்கொண்டே நடந்து போனார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. ஒரு பெரியவருக்கு நகங்கள் ஆட்டுக் கொம்பு போல் தடித்து வளைந்திருந்தன. அவருக்குக் கண் தெரியவில்லை, குனியவும் முடியவில்லை. அதனால் வெட்டாமலே விட்டிருந்தார். சிஸ்டர் அதை ஊற வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ராவி எடுத்தார்.

புண் இல்லாத என் இடது கால் நகங்கள் மஞ்சளாகி, தடித்து, ஓரம் உதிர்வதை அங்கேதான் டாக்டர் கவனித்தார். பூஞ்சையாக இருக்கலாம் என்றார். ஈரத்திலேயே நிற்கிறவர்களுக்கு அது சகஜமாம். ஆனால் தடித்த நகமெல்லாம் பூஞ்சை இல்லை. ஷூ அழுத்தினாலும் தடிக்கும், சில தோல் நோய்களிலும் தடிக்கும். அதனால் நகத்துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். பூஞ்சை என்று உறுதியானால்தான் மாத்திரை. அதையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். ஈரல் தாங்குகிறதா என்று ரத்தம் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னது தேவிதான். அவள் தினமும் கேரியரோடு வந்தாள். சர்க்கரைக்காரிக்கென்று காய் அதிகம், சோறு குறைவாக. "அம்மா, ஒன் முட்டி மாத்திர போட்டியா?" என்று கேட்பாள். அம்மா "ம்" என்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

ஒரு காலையில் கட்டை அவிழ்த்தபோது சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. டாக்டர் புதுக் கோடு போட்டார். மருந்தை மாற்றினார். சர்க்கரையும் இறங்கவில்லை. விரல் இல்லாத காலோடு அடுப்படியில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நிற்கத்தான் முடியுமா?

அன்று மத்தியானம் தேவி வந்தாள். தேய்த்த சுடிதார், பவுடர் வாசனை, அந்தப் பாதங்கள். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள்.

"சோத்த கொஞ்சமாத்தான் வச்சிருக்கேன்க்கா. சுகர் ஏறிட்டே இருக்காம்ல?"

"எனக்கு நீ அளந்து போட வேணாம்" என்றேன். "அம்மாவதான் அளந்து வச்சிருக்கியே. அடுப்படிக்குள்ளகூட விடுறதில்லையாமே? அம்மாவே சொன்னா."

தேவி கேரியரைத் திறந்த கையோடு நின்றாள்.

"அம்மா சொன்னாளா?"

"பின்ன நானா கற்பன பண்றேன்?"

"கேஸ தொறந்து வச்சிட்டு பத்த வைக்க மறந்துட்டாக்கா. ரெண்டு தடவ. மூணாவது தடவ அடுப்படியில வழுக்கி விழுந்தா. அது ஒனக்குத் தெரியுமா? நீ கவலப்படுவன்னு நான் சொல்லல. அம்மாவும் சொல்லக் கூடாதுன்னா." குரல் உடைந்தது. "நான் வேணாம்னு சொல்றதுனால என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. குளி, மாத்திர போடு, நட. இதத்தான் நான் பேசுறேன் தெனமும். ஒங்கிட்ட வந்து ஒக்காந்த ஒடனே சிரிக்கிறா. தெனமும் வாசல்ல வரும்போதே அந்தச் சிரிப்பு காதுல விழுது. எங்கம்மா எங்கிட்ட அப்பிடிச் சிரிச்சே எவ்வளவோ காலமாச்சு. எனக்கு வயிறு எரியுதுக்கா. நீ கால் வலியில கெடக்கற, ஒம்மேல எனக்கு வயிறு எரியுது!"

பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அழுவதைப் பார்த்து நான் இரக்கப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. முதலில் வந்தது சந்தோஷம். தேவிக்கு என்மேல் பொறாமை! அது என் உடம்பெல்லாம் வெதுவெதுப்பாகப் பரவியது. அதற்குப் பிறகுதான் அம்மா விழுந்தது மண்டையில் ஏறியது. "அடி பட்டுச்சா?" என்று கேட்டேன். "இடுப்புல. ஒரு வாரம் நாந்தான் தூக்கி ஒக்கார வச்சேன்" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அம்மா வாசலில் சொம்போடு நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. வந்து சொம்பை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் வாய மூடுங்க. ஆஸ்பத்திரி இது" என்றாள். பிறகு எங்கள் இருவரிடமும் அன்று முழுக்கப் பேசவில்லை.

தேவி அன்று வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, நல்ல காலான என் இடது காலைக் கழுவினாள். தண்ணீரின் சூட்டைத் தன் முழங்கையால் பார்த்தாள்; சர்க்கரைக்காரர்களின் காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. விரலிடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது என்று ஒவ்வொரு இடுக்காகத் துணியால் ஒற்றினாள். வெடித்த குதிகாலையும் உதிர்ந்த மஞ்சள் நகங்களையும் அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்ப்பது எனக்குக் கூசியது. அவள் கழுத்தின் பின்பக்கம் வியர்த்திருந்தது. காலை இழுத்துக்கொள்ள நினைத்தேன். இழுக்கவில்லை.

"அந்த ஷூதானா?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

"ம்."

"சின்னதுன்னு சொன்னேன்ல."

"அம்மாகூட நீ மட்டும் போட்டுட்டு நடந்தியே" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் துணியைப் பிழிந்தாள்.

மாற்றிய மருந்து கேட்டது. சிவப்பு புதுக் கோட்டுக்குள் நின்றது, பிறகு பழைய கோட்டுக்கும் உள்ளே சுருங்கியது. இரண்டாவது எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தம். டாக்டர் அதைத் தேவியிடம் சொல்லத் தொடங்கினார். "அக்கா கோ போலியே", அக்காவிடம் சொல்லுங்கள் என்று அவள் என்னைக் காட்டினாள். அவர் என் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். புரிந்தது.

நகத்தின் ஓரத்தை எடுக்கும் சின்ன ஆபரேஷன் அதற்குப் பிறகு. பயப்பட்ட அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள்; வலி அந்த ஊசியில்தான். ரத்தம் வராமல் விரலைச் சுற்றி ரப்பர் பட்டை. முழு நகத்தையும் பிடுங்குவதில்லை. சதைக்குள் இறங்கிய ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி உருவுகிறார்கள். அந்தப் பட்டை மறுபடி முளைக்காமலிருக்க வேரில் ஒரு மருந்தைத் தடவுகிறார்கள். இழுக்கிற உணர்வு இருந்ததே தவிர வலிக்கவில்லை. உருவிய துண்டைக் காட்டினார்கள். அரிசியைவிடக் கொஞ்சம் நீளம். இதற்காகவா இத்தனை என்று இருந்தது. அரசு ஆஸ்பத்திரியானதால் பில் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. வெளியே வாங்கிய சில மருந்துகளோடு போயிற்று.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். ஷூவில் விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் தினமும் காலைப் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள். நகத்தருகே சிவந்து சீழ் வந்தால் பிளேடைத் தொடாமல் டாக்டரிடம் போங்கள்.

கிளம்பும் அன்று நான் அம்மாவைக் கேட்டேன். முன்பு வராத வார்த்தை அன்று வந்தது. "எங்கூட வாம்மா."

அம்மா தேவியைப் பார்த்தாள். தேவி தரையைப் பார்த்தாள். "பெரியவளுக்குக் கால் ஆறற வரைக்கும் போய் இருக்கேன்" என்றாள் அம்மா. தேவி வீட்டுக்குப் போய் அம்மாவின் சேலைகளை மடித்து எடுத்து வந்தாள். மாத்திரைகளைக் காலை, ராத்திரி என்று பிரித்துக் கட்டியிருந்தாள். "கேஸ் பக்கம் மட்டும் பாத்துக்கக்கா" என்று என் காதருகே சொன்னாள். வண்டி நகர்ந்தபோது அவள் எங்களைப் பார்த்துக் கையாட்டவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இப்போது அம்மா எங்கள் கடைப் பின்கட்டில் இருக்கிறாள். கால் ஆறிவிட்டது, நகம் ஒரு பக்கம் ஒடுங்கி வளர்கிறது. இடது காலுக்குப் பூஞ்சை என்று முடிவு வந்து மாத்திரை சாப்பிடுகிறேன். கடையில் ரப்பர் பாய் போட்டு, அகலமான செருப்போடு நிற்கிறேன். அம்மாவை நானும் அடுப்படிக்கு விடுவதில்லை. குளிச்சியாம்மா, மாத்திர போட்டியாம்மா என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். அவள் "ம்" என்கிறாள். "தேவி சேலைய இப்பிடி மடிக்க மாட்டா" என்கிறாள். "தேவி ரசத்துல பூண்டு தட்டிப் போடுவா" என்கிறாள்.

சாயங்காலம் கடைசிப் படகு வரும் நேரத்தில் தேவியின் போன் வரும். அம்மா போனைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் கல்லில் போய் உட்கார்ந்துவிடுவாள். நேற்று தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். குமார் சாம்பாரில் கரண்டி போடும் விதத்தை அவள் தேவிக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், போனில் தெரியாது என்பதுகூட மறந்து. பிறகு சிரித்தாள். அந்தப் பக்கம் தேவி சிரிப்பது எனக்கே கேட்டது.

"அம்மா, தோச ஆறுது" என்றேன்.

அம்மா திரும்பாமலே கையை உயர்த்தி, சும்மா இரு என்று காட்டினாள். நான் தோசையின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.